காபிக் கொட்டை அரைக்கும் கிரைண்டர் வாங்குவதற்கு முன்: சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் நல்ல காபிக் கொட்டை கிடைப்பது இப்போது கடினமில்லை. சிக்மகளூர், குடகு, ஏற்காடு என்று ஊரும் தோட்டமும் வறுத்த தேதியும் அச்சிட்ட பொட்டலங்கள் சில நாட்களில் வீடு தேடி வந்துவிடுகின்றன. அவற்றை எதில் அரைப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஆயிரம் ரூபாயில் தொடங்கி முப்பதாயிரத்தையும் தாண்டும் இந்தச் சந்தையில் விளம்பரம் பெரிதாகச் சொல்வது ஒன்று, சமையலறைக்குத் தேவைப்படுவது வேறொன்று. பல கடைகளில் விசாரித்தும், வாங்கியதைத் திருப்பி அனுப்பியும், உத்தரவாதத்துக்காக மல்லுக்கட்டியும் நான் தெரிந்துகொண்டவற்றை வாங்குகிற வரிசையிலேயே கீழே தருகிறேன். எஸ்பிரஸோ இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு வேண்டிய நுண்மையும் ஆகும் செலவும் வேறு என்பதால், இக்கட்டுரை அவர்களுக்கானதல்ல.

1. முதலில், கிரைண்டர் தேவைதானா என்று பாருங்கள்

உங்கள் வீட்டில் இறங்குவது சிக்கரி கலந்த டிகாக்‌ஷன் மட்டும்தான், அதில் பால் சேர்த்துத்தான் அனைவரும் குடிக்கிறீர்கள் என்றால், அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ உள்ள காபிப்பொடிக் கடையில், கண்ணெதிரே அரைத்துத் தரும் பெரிய இயந்திரத்தின் தரத்தைப் பத்தாயிரம் ரூபாய்க்குள் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அரைக்கிலோவாக வாங்கி டப்பாவில் போட்டு வைப்பதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு 100 அல்லது 200 கிராம் என்று வாங்கத் தொடங்கினாலே மணத்தில் பெரும் வேறுபாடு தெரியும். அதற்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவில்லை.

சிக்கரி இல்லாத கொட்டையை வாங்கி, போர்-ஓவர் (வடிதாளில் தூளிட்டு மேலிருந்து வெந்நீர் ஊற்றி வடிப்பது), ஏரோபிரஸ் (குழாயில் ஊறவைத்துக் கையால் அழுத்தி வடிப்பது), பிரெஞ்சு பிரஸ் (குவளையில் ஊறவைத்துச் சல்லடையை அழுத்தித் தூளைப் பிரிப்பது) முதலிய முறைகளில் பால் சேர்க்காமலோ சிறிதளவே சேர்த்தோ குடிப்பவர்களுக்குத்தான் கிரைண்டர் உண்மையில் பயன் தருகிறது. ஒரே வீட்டில் இருவிதக் காபியும் உண்டு என்றால், காலை டிகாக்‌ஷனுக்குக் கடைப்பொடி, உங்களுக்கென்று ஒரு சிறிய கைக் கிரைண்டர் என்று பிரித்துக்கொள்வதே சிக்கனமானது.

2. முறையையும் அளவையும் எழுதி வையுங்கள்

எந்த முறையில் காபி போடப் போகிறீர்கள், ஒரு தடவைக்கு எத்தனை கிராம் அரைக்க வேண்டும் என்ற இரண்டையும் தாளில் எழுதிவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். போர்-ஓவரில் ஒரு கோப்பைக்குச் சுமார் 15 கிராம் தூளும் 240 மில்லி நீரும் போதும். நான்கு பேர் குடிக்கும் வீட்டு டிகாக்‌ஷனுக்கு 40 கிராமும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். பெரும்பாலான கைக் கிரைண்டர்கள் ஒரு தடவைக்கு 20 முதல் 30 கிராம் வரைதான் கொள்ளும். எனவே, கொள்ளளவைப் பார்க்காமல் வாங்கியவர் விடியற்காலையில் இரண்டு தடவை நிரப்பி இரண்டு தடவை சுற்ற வேண்டிவரும்.

தூளின் பருமனுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். போர்-ஓவருக்கு ஏறக்குறைய பம்பாய் ரவையின் பருமன் போதும். பிரெஞ்சு பிரஸுக்கு அதைவிடப் பருமனாகவும், நம் பித்தளை அல்லது எவர்சில்வர் பில்டருக்கு ரவையைவிட நைசாகவும், ஆனால் விரலில் தேய்த்தால் மணல் மணலாக உணரும்படியும் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கும் கிரைண்டர் இந்த எல்லைக்குள் சீராக அரைத்தால் போதுமானது. எஸ்பிரஸோ வரை அரைக்கும் என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்கும் ஐயாயிரம் ரூபாய், உங்களுக்குத் தேவையில்லாத வசதிக்கான விலை.

3. பிளேடா பர்ரா என்பதில்தான் பணத்தின் மதிப்பு இருக்கிறது

அரைக்கும் பகுதி இரண்டு வகைப்படும். மிக்ஸி ஜாரில் உள்ளதைப் போன்ற பிளேடு கொட்டையைத் தாறுமாறாக வெட்டுகிறது. பிளேடில் பட்டது மாவாகிறது, ஒதுங்கியது கட்டையாக நிற்கிறது. அந்த மாவு அளவுக்கு மீறிக் கரைந்து கசப்பைத் தருகிறது, கட்டை சரியாகக் கரையாமல் புளிப்பைத் தருகிறது. ஒரே கோப்பையில் இரண்டும் சேர்ந்து வருவதால், கொட்டையில்தான் குறை என்று எண்ணி அடுத்தடுத்து வேறு கொட்டை வாங்கிப் பணத்தை வீணாக்குவோர் பலர். பர் என்பது பல் வெட்டிய இரண்டு பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்கும் அமைப்பு. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியை நாம் நிர்ணயிக்கிறோம். அந்த இடைவெளிக்குள் அடங்கும் அளவுக்கு உடைந்த பிறகுதான் தூள் கீழே விழும்.

வெளித்தோற்றத்தில் பளபளப்பான பிளேடு கிரைண்டரைக் ‘காபி கிரைண்டர்’ என்ற பெயரில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். அதற்குச் செலவழிப்பதைவிட, வீட்டு மிக்ஸியின் சிறிய ஜாரிலேயே விட்டு விட்டு இரண்டிரண்டு நொடி ஓட்டி, ஜாரைக் குலுக்கி, பிறகு தேநீர் வடிகட்டியில் நைசுத் தூளைச் சலித்துவிட்டுப் பிரெஞ்சு பிரஸில் போட்டுக் குடிக்கலாம். ஆனால் மல்லியும் மிளகும் அரைத்த ஜார் எத்தனை முறை கழுவினாலும் மணத்தை விடாது. காபிக்கென்று தனி ஜார் வேண்டும்.

பர்ரிலும் தரவேறுபாடு உண்டு. ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை விற்கும் கைக் கிரைண்டர்களில் பெரும்பாலும் செராமிக் பர் இருக்கும். அது துருப்பிடிக்காது, கழுவலாம். ஆனால் மெதுவாக அரைக்கும், கீழே விழுந்தால் உடையும். அதைவிடப் பெரிய குறை பர்ரில் இல்லை, அதைத் தாங்கும் தண்டில் இருக்கிறது. மலிவான வடிவமைப்புகளில் தண்டு சரியாகப் பிடிமானம் இல்லாமல் ஆடுவதால், நைசாக அரைக்கும்போது ஓரளவு ஒழுங்காக வருகிற தூள், பருமனாக அரைக்கும்போது ஒழுங்கு தப்பிவிடுகிறது. பேரிங் இரண்டு இடங்களில் தாங்கும் தண்டும் எஃகுப் பர்ரும் உள்ள கைக் கிரைண்டரில் இந்தச் சிக்கல் பெருமளவு நீங்கும். 38 மில்லிமீட்டர் எஃகுப் பர் கொண்ட டைம்மோர் சி2 இவ்வகையில் பலரும் தொடங்குகிற மாதிரி; தைவானின் ஒன்ஸிபிரஸோ, 39 மில்லிமீட்டர் பர் கொண்ட ஜெர்மனியின் கமாண்டன்டே சி40 ஆகியவை அதற்கு மேற்பட்ட படிகள். கமாண்டன்டேயில் இடைவெளியை மாற்றும் திருகை ஒரு கிளிக் (ஒரு படி) திருப்பினால் பர் நகர்வது 30 மைக்ரான்தான்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அத்தகைய நுண்மை இன்பமானதே. ஆனால் முதல் ஆண்டில் அதன் பயனை உணர்வது அரிது என்பது என் கருத்து.

பரணில் பாட்டி காலத்து இரும்புக் காபி மிஷின் கிடக்கிறது, அதையே துடைத்து எடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பல் மழுங்கித் துரு ஏறியிருந்தால் அதை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. கையால் சுற்றுவதா, மின்சாரமா

ஓரிருவர் குடிக்கும் வீட்டுக்குக் கைக் கிரைண்டர் என்று தயங்காமல் சொல்வேன். ஒரே விலையில் ஒன்று கையால் சுற்றுவது, ஒன்று மின்சாரத்தில் ஓடுவது என்று இரண்டை வைத்துப் பார்த்தால், மோட்டாருக்குச் செலவாகாத பணம் முன்னதில் பர்ருக்கும் தண்டுக்கும் போயிருக்கும். நல்ல எஃகுப் பர்ரில் 15 கிராம் கொட்டையைப் போர்-ஓவர் பருமனில் அரைக்க ஒரு நிமிடம் போதும். மலிவான செராமிக்கில் அதுவே இரண்டு மூன்று நிமிடமாகும். லேசாக வறுத்த கொட்டை கடினமாக இருப்பதால் கூடுதல் வலு வேண்டும். மணிக்கட்டிலோ தோளிலோ வலி உள்ளவர்கள், வீட்டுப் பெரியவர்களுக்காக வாங்குகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

மூன்று நான்கு பேருக்கு நாள்தோறும் அரைப்பதென்றால் மின்சாரக் கிரைண்டரே பொருந்தும். பராட்சா என்கோர் போன்ற மாதிரியில் 40 மில்லிமீட்டர் கூம்புவடிவப் பர்ரும் 40 அளவு நிலைகளும் உண்டு. ஆனால் ஐயாயிரம் ரூபாய்க்கு மின்சாரமும் பர்ரும் சேர்ந்து கிடைக்கிறதென்றால் சற்று எச்சரிக்கையாக இருங்கள்: ‘பர்’ என்ற சொல் பெட்டியில் இருந்தாலும், சில மலிவான மாதிரிகளில் பற்கள் கூர்மையின்றி, கொட்டையை வெட்டாமல் நசுக்கும். அதிகாலையில் ஓட்டினால் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

5. செலவைக் கணக்கிடுங்கள்

எஃகுப் பர் கொண்ட ஆரம்பநிலைக் கைக் கிரைண்டர் பொதுவாக ஐயாயிரம் முதல் ஏழாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அடுத்த படி பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம். அதன் மேலே முப்பதாயிரம் வரையும் அதற்கு அப்பாலும் போகலாம். தரமான மின்சாரப் பர் கிரைண்டர் பெரும்பாலும் பதினைந்தாயிரத்துக்கு மேல்தான். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியை ஒட்டிய இணைய விற்பனையிலும் விலை இறங்குவதுண்டு. ஆனால் அந்தச் சில நாட்களுக்கு முன்பே விலையை ஏற்றிவிட்டுக் குறைப்பவர்களும் இருப்பதால், ஒரு மாதம் முன்னதாகவே விலையைக் குறித்து வையுங்கள்.

கிரைண்டர் விலையோடு கணக்கு முடிவதில்லை. 0.1 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று வேண்டும். அதற்கு ஆயிரம் ரூபாய்க்குள் ஆகும். அது இல்லாமல் கிரைண்டரைச் சரியாகப் பயன்படுத்தவே முடியாது. அளவு பிடித்துப் பழகுவதற்கு ஒரு 250 கிராம் கொட்டையையும் செலவில் சேருங்கள்.

6. எங்கிருந்து வாங்குவது

உள்ளூரில் வாங்குவதன் பெரிய நன்மை, கையில் எடுத்துச் சுற்றிப் பார்க்க முடிவது. சிறப்புக் காபி விற்கும் கடைகள் சிலவற்றில் மாதிரிக் கிரைண்டர் வைத்திருப்பார்கள். கேட்டால் அரைத்தும் காட்டுவார்கள். இணையத்தில் வாங்கினால், முகப்பில் உள்ள தளத்தின் பெயரைக் காட்டிலும் விற்பனையாளர் யார் என்பதே முக்கியம். ஒரே மாதிரியைப் பத்து பேர் விற்கும்போது, உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற இறக்குமதியாளர் அதில் ஒருவர்தான் இருக்கலாம்.

சென்னையில் பாதி வீடுகளுக்கு வெளிநாட்டில் ஓர் உறவினர் உண்டு. அவர் மூலம் வரவழைப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் மின்விநியோகம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கிய மின்சாரக் கிரைண்டரை வெறும் பிளக் மாற்றி இங்கே செருகினால் மோட்டார் எரிந்துவிடும். வோல்ட்டை மாற்றும் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டினாலும் மோட்டாரின் வேகம் ஒத்துவராமல் போகலாம். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருபவை 230 வோல்ட் அளவுக்கு ஒத்தவை என்பதால் பிளக் பொருத்தினால் போதும். கைக் கிரைண்டருக்கு எந்த நாடானாலும் இத்தொல்லை இல்லை. விமானத்தில் வருபவர் அதைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் திறந்து காட்டச் சொல்வார்கள். சரக்காக ஏற்றும் பெட்டியில் வைத்து எடுத்துவரச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நாட்டில் வாங்கியதற்கான உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கூரியரில் வரவழைத்தால் சுங்கவரியும் ஐஜிஎஸ்டியும் (இறக்குமதிக்கும் விதிக்கப்படும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேரும். ‘அன்பளிப்பு’ என்று எழுதினால் வரி இல்லை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஐயாயிரம் ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. பெறுபவரின் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். ஆதாரில் உள்ள பெயரும் பார்சலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னாலும் பின்னாலும் மாறியதற்காகவே சரக்கு நிற்பதுண்டு. சுங்கத்தில் தேங்கினால் இரண்டு மூன்று வாரம் ஆவது வழக்கம்.

7. பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய ஆவணங்கள்

பெட்டியின் மீது அதிகபட்ச சில்லறை விலை, உற்பத்தியான நாடு, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும்; 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் அப்படிச் சொல்கின்றன. இறக்குமதியாளர் பெயரே இல்லாத பெட்டி என்றால், நாளைக்கு யாரிடமும் முறையிட முடியாத பொருள் என்று பொருள்.

ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய ரசீதைக் கட்டாயம் வாங்குங்கள். “பில் வேண்டாம்னா ஐந்நூறு குறைச்சுக்கலாம் சார்” என்று சொல்வார்கள். குறைப்பது அவர்களுக்கு இலாபம், உங்களுக்கு அல்ல. ரசீதில் மாதிரியின் பெயரும் வரிசை எண்ணும் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். உத்தரவாத அட்டை தனியாக இருந்தால் கடையின் முத்திரையும் தேதியும் வாங்கிய பிறகே வெளியேறுங்கள். முத்திரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக என் கோரிக்கையை ஒரு விற்பனையாளர் வாரக்கணக்கில் இழுத்தடித்தார். ரசீதின் படம் கைப்பேசியில் இருந்ததால்தான் கடைசியில் வழிக்கு வந்தார்.

உத்தரவாதத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பர்ருக்கும் உத்தரவாதம் உண்டா? தேய்மானப் பொருள் என்று பல நிறுவனங்கள் அதை விலக்கிவிடுகின்றன. பழுதுபார்ப்பது சென்னையிலா, வேறு ஊருக்கு அனுப்ப வேண்டுமா? அனுப்பும் செலவு யாருடையது? மின்சாரக் கிரைண்டருக்கு இம்மூன்றாவது கேள்வி மிக முக்கியம். கனமான பெட்டியை இருமுறை கூரியரில் அனுப்பினால் நானூறு ஐந்நூறு ரூபாய் சர்வ சாதாரணமாகப் போய்விடும்.

8. பெட்டி வந்த அன்றே செய்ய வேண்டியவை

பெட்டியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் தொடர்ச்சியாகப் பதிவு செய்யுங்கள். திருப்பிக் கொடுக்கும் கால வரம்பு பெரும்பாலும் ஏழு நாட்கள். பயன்படுத்திய பொருளை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்பவர்களும் உண்டு. ஆகவே, கொட்டையைப் போடுவதற்கு முன்பே தண்டை விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மிகச் சிறிய அசைவைப் பொறுக்கலாம், கண்ணுக்குத் தெரியும் ஆட்டத்தைப் பொறுக்க வேண்டாம். பிறகு இடைவெளியை முழுவதும் மூடி, கைப்பிடி அசையாத நிலையிலிருந்து ஒவ்வொரு கிளிக்காகத் திறங்கள். பர் உரசும் ஓசை ஒரு சுற்று முழுவதும் சீராகக் கேட்டால் மையம் சரியாக உள்ளது. ஒரு பக்கம் உரசி மறுபக்கம் அமைதியாக இருந்தால் அது சாய்ந்திருக்கிறது. அன்றே புகார் எழுதுங்கள்.

விற்பவர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குட்பட்ட பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

9. அளவு பிடித்தல்

முதலில் 50 கிராம் அளவுக்குப் பழைய கொட்டையை அரைத்துக் கொட்டிவிடுங்கள். தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெயும் உலோகத் துகளும் அதோடு போய்விடும். அரைப்பதற்கு முன் கொட்டையை ஒரு தட்டில் பரப்பிப் பாருங்கள். வெயிலில் தரையில் உலர்த்திய கொட்டைகளில் எப்போதாவது சிறு கல் கலந்திருக்கும். அது ஒன்று போதும், ஏழாயிரம் ரூபாய்ப் பர்ரின் பல்லைப் பெயர்க்க.

போர்-ஓவரில் 15 கிராமுக்கு 240 மில்லி நீர் ஊற்றி, மொத்தமும் வடிய எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். இரண்டரை முதல் மூன்றரை நிமிடத்துக்குள் இறங்கினால் சரி. அதற்கு முன்பே இறங்கிப் புளித்தால் ஒரு கிளிக் நைசாக்குங்கள். தேங்கி நின்று கசந்தால் ஒரு கிளிக் பருமனாக்குங்கள். கொட்டை, நீர், சூடு ஆகிய மூன்றையும் மாற்றாமல் கிளிக்கை மட்டும் மாற்றினால்தான் எதனால் என்ன நேர்ந்தது என்பது விளங்கும். வீட்டு பில்டரில் சிக்கரியில்லாத தூளைப் போட்டால் டிகாக்‌ஷன் வேகமாக இறங்கி நீர்த்துப்போகும். நீரைப் பிடித்துவைக்கும் வேலையைச் சிக்கரிதான் செய்துவந்தது. அதனால் இன்னும் சற்று நைசாக அரையுங்கள். சிக்கரி சேர்க்க விரும்பினால் தூளாக வாங்கி, அரைத்த பிறகு கலக்குங்கள். வறுத்த சிக்கரி ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பாகிவிடும் என்பதால் அதைப் பர்ருக்குள் ஒருபோதும் போடாதீர்கள்.

குளிர்சாதன அறையில் அரைக்கும்போது தூள் பறந்து டப்பாவின் சுவரில் ஒட்டினால், கரண்டிக் காம்பை நீரில் நனைத்து அந்த ஒரு சொட்டு ஈரத்தோடு கொட்டையைக் கிளறிவிட்டு அரையுங்கள். ஒட்டுவது பெருமளவு நின்றுவிடும்.

10. பராமரிப்பு

எஃகுப் பர்ரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றே போதுமான எதிரி. வாரம் ஒருமுறை தூரிகையால் தூளைத் தட்டிவிட்டு, மாதம் ஒருமுறை கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பச்சரிசியைப் போட்டு அரைத்தால் சுத்தமாகும் என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். அரிசி காபிக் கொட்டையைவிடக் கடினமானது, மோட்டாரும் பல்லும் இரண்டுமே பாதிக்கப்படும். கழற்றும்போது வாஷர், ஸ்பிரிங் ஆகியவை எந்த வரிசையில் வந்தன என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். மீண்டும் பூட்டிய பின் பழைய கிளிக் எண் பொருந்தாது என்பதால், பூஜ்ஜிய நிலையிலிருந்து புதிதாக எண்ணிக்கொள்ள வேண்டும்.